ஸ்கேன் பார்க்கும் கையில் தீராத தோள்வலி: அறையில் எதை மாற்றலாம்?

கேள்வி (மகப்பேறு மருத்துவர், கோத்தகிரி):
வணக்கம். காலை முழுவதும் கர்ப்பிணிகளுக்கு ஸ்கேன் பார்க்கிறேன். சில மாதங்களாக வலது தோளில் தொடங்கும் வலி முழங்கை வரை இறங்குகிறது. இரவில் அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடியவில்லை. இங்கிருப்பது உயரம் மாறாத இரும்புக் கட்டில். சட்டப்படி மருத்துவரே பார்க்க வேண்டிய ஸ்கேன் என்பதால் டெக்னீஷியனிடம் விடவும் வழியில்லை. நிர்வாகம் புதுக் கட்டில் வாங்கித் தரும்வரை என்ன செய்யலாம்?

பதில் (ரேடியாலஜிஸ்ட், குன்னூர்):
டாக்டர், கையைப் பக்கவாட்டில் தூக்கிப் பிடித்தபடியே புரோபை (வயிற்றின் மேல் வைத்து நகர்த்தும் ஸ்கேன் கைக்கருவியை) அழுத்துவதுதான் தோளைக் கெடுக்கிறது. மேற்கை உடம்பிலிருந்து 30 டிகிரிக்கு மேல் விலகாமல் பார்த்துக்கொண்டால் தோள் தசைநாண்களின் சுமை நன்றாகக் குறையும். பெரும்பாலான நோயாளிகள் விழுந்துவிடுவோமோ என்று பயந்து நடுக்கட்டிலில்தான் படுப்பார்கள்; அவர்களை விளிம்புவரை, உங்கள் இடுப்பை ஒட்டி, நகர்ந்து படுக்கச் சொல்லுங்கள். எட்டாத பக்கத்தைப் பார்க்க நீங்கள் வளையாமல், முதுகுக்குத் தலையணை கொடுத்து அவரைச் சற்று உங்கள் பக்கம் சாயவிடுங்கள். கட்டில் உயராவிட்டாலும் ஸ்டூல் உயரும். கால் தொங்காதபடி கீழே ஒரு பலகை போதும். மானிட்டரின் மேல்விளிம்பு கண் மட்டத்தில், நேர் எதிரே இருக்கட்டும். கேபிளைத் தொங்கவிட்டால் அதன் எடை முழுவதும் மணிக்கட்டை இழுக்கும் என்பதால், முன்கையில் ஒரு பட்டையால் கட்டிக்கொள்ளுங்கள்.

பதில் (பிசியோதெரபிஸ்ட், ஊட்டி):
மேலே சொன்னதோடு நம் மலைக்குளிரையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். மார்கழி, தை மாதக் காலைகளில் விரல் விறைத்துத் தொடு உணர்வு மங்கும்போது, நாம் அறியாமலே புரோபை இறுக்கிப் பிடிக்கிறோம். நகக்கண் வெளுத்திருந்தால் பிடி அதிகம் என்று அறியலாம். கைப்பிடியில் வழிந்த ஜெல்லை அவ்வப்போது துடையுங்கள், ஏனெனில் வழுக்கினாலும் பிடி இறுகும். முதல் நோயாளி வருவதற்கு முன்பே ஹீட்டரைப் போட்டுவிடுங்கள். ஜெல் பாட்டிலை வெந்நீரில் அமிழ்த்துவது கிருமி சேர வழியாகும். உலர் வார்மரே நல்லது. இரவுத் தூக்கத்தைக் கெடுக்கும் வலி என்பதால், பயிற்சிகளைத் தொடங்கும் முன் எலும்பு மருத்துவரிடம் தோளைக் காட்டிவிடுங்கள், டாக்டர்.

பதில் (ரேடியாலஜிஸ்ட், குன்னூர்):
நிர்வாகத்திடம் பேசும்போது இதையும் சொல்லுங்கள்: 2009-ல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில், ஸ்கேன் எடுப்பவர்களில் 90 சதவீதம் பேர் வலியோடு வேலை செய்வதாகக் கூறினார்கள். கட்டில் கேட்பது சொகுசுக்காக அன்று. நீங்கள் விடுப்பில் போனால் கோத்தகிரிக் கர்ப்பிணிகள் ஸ்கேனுக்காகப் பேருந்து ஏறி மலைப்பாதையில் குன்னூருக்கோ ஊட்டிக்கோ வர வேண்டியிருக்கும்.