இடக்கை இல்லாதவருக்கு ஏற்ற காட்டுப்பாதை மோட்டார் சைக்கிள்

கேள்வி: முழங்கைக்குக் கீழே இடக்கையை இழந்த என் தம்பி, ஒட்டுசுட்டானுக்கு அப்பாலுள்ள வயலுக்கு மணலும் கிரவலும் கலந்த பாதையில் போய்வர விரும்புகிறார். எந்த வண்டி பொருந்தும்?

பதில்: அண்ணை, வழக்கமாக இடக்கையால் பிடிக்கும் கிளச்தான் முதற் சிக்கல். ஹொண்டா சிடி125 இல் கிளச் பிடியே கிடையாது. மையவிலக்குக் கிளச் இயந்திர வேகத்துக்கேற்பத் தானாகப் பிடித்தும் விட்டும் இயங்குவதால், அக்சிலேற்றரும் முன் பிறேக்கும் வலக்கையிலும், கியரும் பின் பிறேக்கும் கால்களிலும் அடங்கிவிடும். சிக்னல், ஹோர்ன் போன்ற இடப்பக்கச் சுவிச்சுகளை வலப்பக்கம் மாற்றினால் போதும்.

பதில்: உயரமான வண்டிதான் வேண்டுமென்றால் ரெக்லூஸ் போன்ற தானியங்கிக் கிளச்சைப் பொருத்தலாம், விலைதான் கடிக்கும். மணலில் ஹாண்டில் உதறுவதை ஒற்றைக் கையால் அடக்குவது கடினமாகையால், அந்த உதறலைத் தணிக்கும் ஸ்டியரிங் டாம்பரும் தேவை.

பதில்: நானும் இடக்கை இழந்தவன்தான். கைமுனையை வைக்க ஹாண்டிலில் கிண்ணம் பொருத்தினால் அதை வாரால் இறுக்கிக் கட்டாதீர்கள். விழும்போது கை தானாகக் கழன்று வர வேண்டும். என் கிண்ணத்தின் உட்புறம் பழைய ரியூப் துண்டுதான் ஒட்டியிருக்கிறது.