சில நடனங்கள் மட்டும் ஏன் திடீரென்று எல்லாரையும் தொற்றிக்கொள்கின்றன?

கேள்வி:
எட்டு மாதமாக சல்சா வகுப்புக்குப் போகிறேன். இன்னும் எண்ணிக்கை பிடிபடவில்லை. போன வாரம் ஒரு பிறந்தநாள் விருந்தில் மக்கரேனா என்ற நடனப் பாட்டைப் போட்டார்கள். ஆடவே மாட்டேன் என்று ஓரமாக உட்கார்ந்திருந்த பெரியம்மா எழுந்து வந்து கை நீட்டி, தோள் தொட்டு, இடுப்பை அசைத்து, ஒரு அடி பிசகாமல் ஆடினார். எங்கே கற்றீர்கள் என்றால், "இதுல கத்துக்க என்ன இருக்கு?" என்கிறார். பாட்டு நன்றாக இருந்தால் நடனம் பரவிவிடுமா?

பதில் 1:
இருபது வருடமாக நடனம் சொல்லிக்கொடுக்கிறேன். உங்கள் பெரியம்மா சொன்னதில்தான் பாதி விஷயம் இருக்கிறது. சல்சாவில் ஒருவர் நடத்த, இன்னொருவர் அதைக் கைவழியே உணர்ந்து நகரவேண்டும். அந்தப் பழக்கம் உடம்பில் ஊற மாதங்கள் ஆகும். மக்கரேனாவுக்கு ஜோடியே வேண்டாம். முன்னால் நிற்பவரைப் பார்த்து, பாட்டு முடிவதற்குள் கற்றுவிடலாம்.

பாட்டு மட்டும் போதாது. ட்விஸ்ட் என்ற நடனத்தின் பாட்டை முதலில் பதிவுசெய்தவர் அமெரிக்கப் பாடகர் ஹேங்க் பல்லார்ட். அதையே சப்பி செக்கர் என்ற இன்னொரு பாடகர் 1960இல் பாடினார். தொலைக்காட்சியில் அவர் ஆடிக்காட்டியதும்தான் அது காட்டுத்தீயானது. இரண்டு காலாலும் சிகரெட்டை நசுக்குவதுபோல், துண்டால் முதுகு துவட்டுவதுபோல் என்று சொன்னால் போதும், ஆடத் தெரிந்துவிடும். மக்கரேனாவும் 1993இல் வந்த பாட்டுதான். ரீமிக்ஸ் ஆனபிறகு, 1996இல்தான் அமெரிக்கப் பாடல் தரவரிசைப் பட்டியலில் 14 வாரம் முதலிடத்தில் நின்றது.

பதில் 2:
ஜோடி வேண்டாம் என்பதை ஏற்கமாட்டேன். போல்கா ஜோடி நடனம்தானே? 1844இல் பாரிஸ் முழுக்க அந்தப் பைத்தியம்தான். வால்ட்ஸும் அப்படியே. ஆணும் பெண்ணும் இவ்வளவு நெருங்கி ஆடுவதா என்று 1816இல் லண்டன் டைம்ஸ் பத்திரிகை கொதித்தது. பெரியவர்கள் திட்டத் திட்ட, இளசுகள் ஓடிப்போய்க் கற்றார்கள்.

பதில் 1:
நல்ல மறுப்பு, என் பேச்சைத் திருத்திக்கொள்கிறேன். ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்ததைவிட எளிதாக இருந்தால் போதும். போல்கா வருமுன் ஆடிய க்வாட்ரில் என்ற குழு நடனத்துக்கு நான்கு ஜோடி வேண்டும், வரிசையாக வரும் நடன அமைப்புகள் எல்லாருக்கும் மனப்பாடமாக இருக்கவேண்டும். ஒருவர் மறந்தால் எட்டுப் பேரும் தடுமாறுவார்கள். போல்காவில் அந்தந்த ஜோடி தன்பாட்டுக்குச் சுற்றலாம்.

திட்டு விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. அதன் மறுபக்கத்தையும் பாருங்கள். 1961 கடைசியில் நியூயார்க்கின் பெப்பர்மின்ட் லவுஞ்ச் என்ற நடன விடுதிக்குப் பணக்காரர்களும் நடிகர்களும் ட்விஸ்ட் ஆட வந்தார்கள். சப்பி செக்கர் பாடிய அதே பாட்டு 1962 ஜனவரியில் மறுபடி முதலிடம் போனது. ஆனால் அப்பா அம்மாவே ஆடத் தொடங்கிய நடனத்தில் பிள்ளைகளுக்கு என்ன ருசி இருக்கும்?

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. பெரியம்மாவிடம் படித்துக் காட்டினேன். அடுத்த வகுப்புக்குத் தன்னையும் கூட்டிப்போகச் சொல்கிறார்.