காவ்காவ் (சீனாவோட காலேஜ் நுழைவுத் தேர்வு) இங்கிலீஷ் ரீடிங்குக்கு டைம் பத்தல, ஐடியா சொல்லுங்க

கேள்வி: நான் செங்டுல இருக்கேன், பக்கத்து வீட்டு பொண்ணு ஜூன்ல காவ்காவ் எழுதுது, இங்கிலீஷ் நான்தான் சொல்லிக் குடுக்குறேன். தெரியாத ஒரு வார்த்தை வந்தா பென்சில அதுமேலயே வெச்சுட்டு உக்காந்துடுது, நாலாவது பாசேஜ் தொடுறதுக்குள்ள டைம் காலி. பாவமா இருக்கு.

பதில் 1: அக்கா, இங்கிலீஷுக்கு மொத்தம் 150 மார்க், அதுல ரீடிங்குக்கு மட்டும் 50. நாலு பாசேஜ்ல 15 கேள்வி, அப்புறம் குடுத்திருக்குற ஏழு வரியில அஞ்சு எடுத்து பாசேஜ்ல இருக்குற காலி இடத்த நிரப்புறது, ஒவ்வொண்ணும் 2.5 மார்க். மொத பாசேஜ் பெரும்பாலும் நோட்டீஸ், அறிவிப்பு மாதிரி வரும், அத முழுசா படிக்கவே வேணாம், கேள்விய பாத்துட்டு பதில தேடச் சொல்லுங்க, அங்க மிச்சமாகுற நேரம்தான் கடைசி பாசேஜுக்கு.

பதில் 2: நிரப்புறதுல காலி இடத்துக்கு முன்ன பின்ன வர்ற வரிய பாக்கணும், 'ஹவெவர்', 'திஸ்', 'தே' இதெல்லாம் எத குறிக்குதுன்னு வட்டம் போட வைங்க. பழைய பேப்பர் தினம் ஒண்ணு போதும், ஆனா தப்பான விடை ஏன் தப்புன்னு அவளே சொல்லணும்.

கேட்டவர்: வட்டம் போடுறத இன்னிக்கே ஆரம்பிக்கிறோம், ரொம்ப நன்றி ரெண்டு பேருக்கும்.