பிபி நார்மல், ஆனால் பல்ஸ் ஏறுது: ராத்திரி டூட்டி டாக்டரை எதை வைத்துக் கூப்பிடுவது?

புதுஸ்டாஃப்:
சர்ஜரி வார்டில் நைட் டூட்டி. மதியம் கர்ப்பப்பை எடுத்த அம்மா ஒருவர், 54 வயது, 60 கிலோ. இரவு 10 மணிக்குப் பல்ஸ் 86, பிபி 124/78. 2 மணிக்குப் பல்ஸ் 112, பிபி 108/86, மூச்சு 24. யூரின் பையில் இரண்டு மணி நேரத்துக்கு 40 மிலிதான். வலி அதிகமில்லை என்கிறார், ஆனால் இருப்புக் கொள்ளாமல் புரள்கிறார், தண்ணீர் கேட்டுக்கொண்டே இருக்கிறார். சீனியர் அக்கா “பிபி நார்மல்தானே, விடு” என்றார். எனக்கு மனசு கேட்காமல் போன் செய்தேன், டாக்டரும் “பிபி நல்லாத்தானே இருக்கு?” என்று வைத்துவிட்டார். மறுபடி கூப்பிட்ட பிறகுதான் வந்தார், உள்ளே ரத்தக்கசிவு என்று தியேட்டருக்குத் திரும்ப எடுத்துப் போனார்கள், இப்போது நன்றாக இருக்கிறார். அக்கா “ஏதோ உன் அதிர்ஷ்டம்” என்கிறார். அதிர்ஷ்டம்தானா?

ஐசியூ_அக்கா:
இல்லம்மா. ரத்தம் குறையும்போது உடம்பு முதலில் ரத்தக்குழாயை இறுக்கி, இதயத்தை வேகப்படுத்திப் பிபியைத் தாங்கிப் பிடிக்கும், சுமார் 30 சதவீதம் வரை போனாலும் மேல் பிபி பெரிதாக இறங்காமல் இருக்கலாம். அதற்குள் பல்ஸ் ஏறும், மூச்சு ஏறும், மேல் பிபிக்கும் கீழ் பிபிக்கும் இடைவெளி சுருங்கும். உன் கணக்கில் 46 இருந்தது 22 ஆகியிருக்கிறது பார். யூரின் கிலோவுக்கு மணிக்கு அரை மிலியாவது வேண்டும், இவருக்கு இரண்டு மணி நேரத்துக்கு 60 மிலி. டியூப் மடங்கியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அதைச் சொல்ல வேண்டும், சரியா. வயிற்றிலிருந்து ரத்தம் வடிய வைத்த டிரெயின் குழாய் காலியாக இருந்தாலும் நம்பாதே, ரத்தக்கட்டி அடைத்திருக்கலாம். ஆபரேஷனுக்கு முன்னால் அவர் பிபி என்ன?

புதுஸ்டாஃப்:
கேஸ் ஷீட்டில் 150/90, அம்லோடிபைன் என்ற பிபி மாத்திரை சாப்பிடுகிறவர்.

ஐசியூ_அக்கா:
அப்புறம் 108 எப்படி நார்மல்? உனக்கும் எனக்கும் நார்மல், அவருக்கு இல்லை. இதயத் துடிப்பைக் குறைக்கும் அட்டெனலால், மெட்டோப்ரலால் மாத்திரை எடுப்பவராக இருந்தால் பல்ஸ்கூட ஏறாமல் ஏமாற்றியிருக்கும்.

வார்டு_அண்ணன்:
கொஞ்சம் பொறுங்கள். பல்ஸ் 112 எல்லாமே ரத்தக்கசிவு கிடையாது. வலி, காய்ச்சல், பயம் எதிலும் ஏறும். எல்லாவற்றுக்கும் எழுப்பினால் நாளைக்கு நிஜமாகவே அவசரம் என்றால் போனை எடுக்க மாட்டார்கள். வலி மருந்து கொடுத்து 15 நிமிடத்தில் மறுபடி பார்க்கலாமே?

ஐசியூ_அக்கா:
ஒன்று மட்டும் ஏறியிருந்தால் நீங்கள் சொல்வது சரி அண்ணா. இங்கே நான்கைந்து சேர்ந்து ஒரே பக்கம் போகிறது, வலியும் அதிகமில்லை. பிரிட்டனின் ராயல் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ் 2017-ல் திருத்திய நியூஸ்2 (நோயாளி மோசமாவதை முன்கூட்டியே காட்டும் மதிப்பெண்) அட்டவணையில் போட்டுப் பாருங்கள்: மூச்சு 24-க்கு 2, பல்ஸ் 112-க்கு 2, மேல் பிபி 108-க்கு 1. மொத்தம் 5. ஐந்து வந்தாலே டாக்டர் அவசரமாகப் பார்க்க வேண்டும் என்பது அங்கே விதி, இத்தனைக்கும் யூரின் அந்தக் கணக்கிலேயே இல்லை. ஆனால் மூச்சை நிஜமாக ஒரு நிமிடம் எண்ணியிருக்க வேண்டும், நம் சார்ட்டுகளில் ஆளாளுக்கு 20 என்று எழுதிவைப்பார்களே, அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

வார்டு_அண்ணன்:
அது உண்மைதான், ஒத்துக்கொள்கிறேன். தங்கச்சி, போனில் பிபியில் ஆரம்பிக்காதே. “சார், இன்று கர்ப்பப்பை எடுத்தவர், உள்ளே ரத்தம் கசிகிறதோ என்று சந்தேகம், பல்ஸ் 86-லிருந்து 112, யூரின் இரண்டு மணி நேரத்துக்கு 40 மிலி, வழக்கமான பிபி 150, இப்போது 108, நீங்கள் உடனே வந்து பார்க்க வேண்டும்” என்று ஒரே மூச்சில் சொல்லிவிடு. வரவில்லை என்றால் சர்ஜனையே கூப்பிடு. எத்தனை மணிக்கு யாரிடம் சொன்னாய், என்ன பதில் வந்தது என்பதை அப்போதே நர்ஸ் நோட்ஸில் எழுதிவிடு, காலையில் எழுதிக்கொள்ளலாம் என்று விடாதே.