41 பேரில் 9 பேரை நிறுத்தச் சொல்கிறார்கள், யாரை, எப்படி?

பேரணாம்பட்டு_அப்பர்:
பேரணாம்பட்டில் ஷூ அப்பர், அதாவது ஷூவின் மேல் பாகம், தைக்கிற சின்ன யூனிட்டில் மேனேஜராக இருக்கிறேன். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா வரியை 50 சதவீதம் ஆக்கியதில் போன ஆர்டர் இன்னும் முழுசாகத் திரும்பவில்லை. 41 பேரில் 9 பேரை நிறுத்தச் சொல்கிறார் முதலாளி, அதுவும் சம்பளம் கூட வாங்குகிற பழைய ஆட்களாகப் பார்த்து. அதில் ஒரு அக்காவுக்கு 11 வருஷ சர்வீஸ், எனக்கு மெஷினில் நூல் கோக்கச் சொல்லிக் கொடுத்ததே அவர்தான். எவ்வளவு கொடுக்கணும், எப்படிச் சொல்றது, ராத்திரி தூக்கமே இல்லை.

ராணிப்பேட்டை_எச்ஆர்:
பழைய ஆட்களை முதலில் அனுப்புவது முறையில்லை சார். ஒரே பிரிவில் கடைசியாகச் சேர்ந்தவர்தான் முதலில் போகணும், மாற்றினால் காரணத்தை எழுதி வைக்கணும். ஒரு மாத நோட்டீஸ், இல்லாவிட்டால் அந்த மாதச் சம்பளம், அதோடு முடித்த ஒவ்வொரு வருஷத்துக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம் நஷ்டஈடு. கிராஜுவிட்டி, அதாவது பணிக்கொடை, இதில் சேராது, அது தனி. அடிப்படைச் சம்பளமும் டி.ஏ.வும் (அகவிலைப்படி) சேர்ந்து மாதம் 12,000 என்றால் 11 வருஷத்துக்கு கிராஜுவிட்டி 12,000 × 15 ÷ 26 × 11, சுமார் 76,150 ரூபாய். இரண்டையும் ஒரே தொகையாகக் காட்டிக் கையெழுத்து வாங்குகிற இடங்களைப் பார்த்திருக்கிறேன், அந்தப் பாவம் வேண்டாம். 2025 நவம்பர் 21 முதல் அமலில் உள்ள சட்டப்படி பாக்கிச் சம்பளம் இரண்டு வேலை நாளுக்குள் கைக்குப் போய்விடணும். ராஜினாமா மட்டும் எழுதி வாங்காதீர்கள், வாங்கினால் அவர்களாகவே போனதாக ஆகிவிடும்.

மேல்பட்டி_அக்கா:
கணக்கு இருக்கட்டும் தம்பி. என்னை நிறுத்தினபோது யாருமே சொல்லலை. காலையில் ஆறே முக்காலுக்கு எப்பவும் போல சாப்பாட்டுப் பையோட ரோட்டில் நின்னேன், வேன் வந்தது, ஏறக் கால் வைக்கிறேன், டிரைவர் தலையைக் குனிஞ்சுகிட்டு "லிஸ்டுல உன் பேர் இல்லம்மா" என்கிறார். உள்ளே உட்கார்ந்திருந்த பிள்ளைகள் எல்லாம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டாங்க. எட்டு வருஷம் தைத்தேன், அந்த ஒரு நிமிஷம் இன்னும் போகலை. நீங்களே கூப்பிட்டு உட்கார வைத்துச் சொல்லுங்க, சூப்பர்வைசர் கிட்ட விடாதீங்க. சம்பள நாளுக்கு முந்தின நாள் வேண்டாம், மகளிர் குழுத் தவணை கட்டுகிற வாரமும் வேண்டாம்.

குடியாத்தம்_கட்டிங்:
ஓவர்டைம் இன்னும் ஓடுதா? ஓடினால் முதலில் அதை நிறுத்துங்க அண்ணா, எங்க யூனிட்டில் அதிலேயே இரண்டு பேர் தப்பிச்சாங்க. பி.எஃப்.பில் வெளியேறிய தேதியையும் ஏத்திடுங்க, அதை விட்டதால் என் தம்பி பணம் எடுக்க அலையாய் அலைந்தான். ஆர்டர் திரும்ப வந்தால் இந்த 9 பேரைத்தான் முதலில் கூப்பிடணும், ஒரு வருஷத்துக்குள் ஆள் எடுத்தால் சட்டமும் அதைத்தான் சொல்லுது.

பேரணாம்பட்டு_அப்பர்:
ஓவர்டைம் கட்டிங்கில் ஓடுகிறது, நாளையோடு நிறுத்துகிறேன். சேர்ந்த தேதிப்படி பட்டியல் போட்டுப் பார்த்தேன், அந்த அக்கா பெயர் அதில் வரவில்லை. வருகிற ஒன்பது பேரில் ஆறு பேர் ஒரே வேனில் வருகிறவர்கள். ஒவ்வொருவரையும் நானே கூப்பிட்டுச் சொல்கிறேன் அக்கா.