ரஷ்ய ஐவர்: பள்ளிக்கூடம் போகாததுதான் பலமா?

மத்யமாவதி:
1862-ல் பீட்டர்ஸ்பர்க்கில் அன்டன் ரூபின்ஸ்டைன் கன்சர்வேட்டரி (இசைக் கல்லூரி) தொடங்கினார். அந்தப் பக்கமே போகாமல் பலாகிரெவ் என்ற இசையமைப்பாளரைச் சுற்றி இன்னும் நான்கு இசையமைப்பாளர்கள் கூடினார்கள்: குயி, முசோர்க்ஸ்கி, போரோடின், ரிம்ஸ்கி-கோர்சகோவ். போரோடின் வேதியியல் பேராசிரியர், குயி ராணுவப் பொறியாளர். முறையாகப் படித்திருந்தால் ஜெர்மன் இசைக்கு நகல் எடுத்திருப்பார்கள் என்பது என் கட்சி.

முசோர்க்ஸ்கியின் 'போரிஸ் கோதுனோவ்' ஓபராவில் (இசை நாடகம்) முடிசூட்டு விழா மணியோசையைக் கேளுங்கள். இரண்டே கார்டுகள் (chord, சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு), மாறி மாறி. அடி ஸ்வரங்களுக்கு நடுவே ஸட்ஜத்துக்கும் பிரதி மத்யமத்துக்கும் உள்ள தூரம். ஆனால் இரண்டு கார்டிலும் நாலில் இரண்டு ஸ்வரம் பொது. பாடப்படி இந்த மாதிரி கார்டு எங்காவது போய் அடங்க வேண்டும். முசோர்க்ஸ்கி அடங்கவே விடவில்லை. நிஜ மணி அப்படித்தானே ஒலிக்கும்!

பியானோ மாணவி:
நீங்கள் கேட்டது எந்த போரிஸ், அண்ணா? உலகம் வெகுகாலம் கேட்டது ரிம்ஸ்கி-கோர்சகோவ் திருத்தியதைத்தான். 1871-ல் அதே கன்சர்வேட்டரி அவரைப் பேராசிரியராக அழைத்தது. போன பிறகுதான் தனக்கு அடிப்படையே தெரியாது என்று உணர்ந்து, உட்கார்ந்து கவுன்டர்பாயின்ட் (பல மெட்டுகளை ஒரே நேரத்தில் இணைத்து எழுதும் கலை) பயிற்சி எழுதித் தள்ளினார். போரோடின் 1887-ல் இறந்தபோது அவருடைய 'இளவரசர் ஈகோர்' ஓபரா அரைகுறை. அதை முடித்தது ரிம்ஸ்கியும் கிளாசுனோவ் என்ற இளைய இசையமைப்பாளரும். படித்த ஒருவர் இல்லையென்றால் ஐவரின் பாதி எழுத்து பெட்டியிலேயே கிடந்திருக்கும்.

மத்யமாவதி:
முடித்தது பெரிய உபகாரம், மறுக்கவில்லை. ஆனால் போரிஸ் முடிந்த படைப்பு. 1874-லேயே மேடை ஏறிவிட்டது. அதன் கரடுமுரடை 'பிழை' என்று இழைத்துத் தள்ளியதைத்தான் பொறுக்க முடியவில்லை. இன்று பல அரங்குகள் முசோர்க்ஸ்கியின் மூலத்துக்கே திரும்பிவிட்டன.

பழைய ரேடியோ:
இருவருமே 'ஐவர்' என்று ஒரே கட்டாகப் பேசுகிறீர்கள். அவர்களை ஒரு கூட்டமாக்கிப் பெயர் ஒட்டியது 1867-ல் விமர்சகர் ஸ்தாசவ். போரிஸ் அரங்கேறியதும் பத்திரிகையில் கிழித்து எழுதியவர் யார்? அதே ஐவரில் ஒருவரான குயி! முசோர்க்ஸ்கி நொந்துபோனார். இதைப் பள்ளி என்று எப்படிச் சொல்வது?

பியானோ மாணவி:
சண்டை எல்லா வீட்டிலும் உண்டு, சார். பள்ளியா இல்லையா என்பதை அடுத்த தலைமுறையில் பாருங்கள். இசையமைப்பாளர் ஸ்ட்ராவின்ஸ்கி ரிம்ஸ்கியின் சீடர். 1911-ல் வந்த 'பெத்ருஷ்கா' பாலே நடனத்துக்கான இசையில் இரண்டு கார்டுகளை ஒன்றின்மேல் ஒன்றாக வைக்கிறார். நடுவே அதே ஸ-பிரதி மத்யம தூரம். மணியோசையில் மாறி மாறி வந்தது, இங்கே ஒரே நேரத்தில். சொல்லிக்கொடுக்க ஆள் இருந்ததால்தான் இது கைமாறியது.

மத்யமாவதி:
அப்புறம் அந்த ஸ்ட்ராவின்ஸ்கியிடம் ரிம்ஸ்கி சொன்னதையும் சேர்த்துக்கொள், தங்கச்சி. கன்சர்வேட்டரியில் சேராதே, தனியாக என்னிடமே கற்றுக்கொள் என்றார். அங்கேயே பேராசிரியராக இருந்துகொண்டு!