ஆர்எஸ்ஐ 30க்குக் கீழே வந்தபோது வாங்கினேன்: இன்டிகேட்டர் பழகிய நாள்களின் அனுபவங்கள்

உவர்மலையிலிருந்து:

2022 ஏப்ரல் தொடக்கத்தில் எடுத்த ஒரு முடிவு இன்னும் மனத்தை அரித்துக்கொண்டிருப்பதால் எழுதுகிறேன். ஆர்எஸ்ஐ என்பது அண்மைய ஏற்ற இறக்கங்களை ஒப்பிட்டு 0 முதல் 100 வரை ஓர் எண்ணைக் காட்டும் இன்டிகேட்டர், அதாவது விலைகளிலிருந்து கணக்கிடப்படும் குறிகாட்டி. அதில் அப்போது எனக்குத் தெரிந்தது, 70க்கு மேல் விற்க வேண்டும், 30க்குக் கீழ் வாங்க வேண்டும் என்பது மட்டுமே. ஜனவரியில் கொழும்புப் பங்குச் சந்தையின் அனைத்துப் பங்கு விலைச்சுட்டி 13,000ஐத் தாண்டியிருந்தது. அந்த உயரத்திலிருந்து இவ்வளவு சரிந்த பின்னர் இனியும் சரியாது என்று நம்பினேன்.

மின்வெட்டு நேரம். வாசற்படியில் அமர்ந்திருந்தேன், தொலைபேசியில் 11 சதவீதம் சார்ஜ் மிஞ்சியிருந்தது. ஆர்எஸ்ஐ கோடு 24இல் நின்றது. திரை அணைவதற்குள் வாங்கிவிட வேண்டும் என்ற அவசரத்தில், விலையைக்கூட இரண்டாம் முறை பார்க்காமல் ஆர்டரை அனுப்பினேன். அடுத்த சில நாள்களில் கோடு 19க்கு இறங்கியது. ஏப்ரல் 18 முதல் ஒரு வாரம் சந்தையே மூடப்பட்டது. அந்த நாள்களிலும் காலையில் எழுந்தவுடன் சார்ட்டைத் திறந்து, அசையாமல் கிடந்த அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கிண்ணியாவிலிருந்து:

உவர்மலைச் சகோதரரின் நிலை எனக்கு விளங்குகிறது. என்னைக் கெடுத்தது எம்ஏசிடி, விலையின் குறுகிய கால, நீண்ட கால சராசரிகளின் வித்தியாசத்தைக் காட்டும் இன்டிகேட்டர். 12, 26 நாள் சராசரிகள், அவற்றின் வித்தியாசத்துக்கு 9 நாள் சராசரி என்ற வழக்கமான அமைப்புத்தான். வித்தியாசக் கோடு தன் 9 நாள் சராசரிக் கோட்டை மேல்நோக்கி வெட்டினால் வாங்குவேன், கீழ்நோக்கி வெட்டினால் விற்பேன். 50,000 ரூபாயை வைத்து ஒரே பங்கில் ஏழு முறை இவ்வாறு செய்தேன். நான்கு முறை விலை எனக்குச் சாதகமாகவே நகர்ந்தது. ஆயினும் கணக்கில் பணம் குறைந்திருந்தது.

ஓர் இரவு தரகர் அனுப்பிய பற்றுச்சீட்டுகள் அனைத்தையும் எடுத்து, நாட்காட்டித் தாளின் பின்புறத்தில் கூட்டிப் பார்த்தேன். தரகுக் கூலி, பரிவர்த்தனை வரி முதலியன சேர்ந்து ஒவ்வொரு பக்கத்துக்கும் 1.12 சதவீதம் போயிருந்தது. வாங்க 560 ரூபாய், விற்க ஏறத்தாழ அதே அளவு. ஏழு சுற்றுக்கும் 7,840 ரூபாய் அளவில் வந்தது. கூட்டல் பிழையென்று நினைத்து மூன்று முறை கூட்டினேன். விலை பக்கவாட்டில் அலையும்போது அந்தக் கோடுகள் அடிக்கடி வெட்டிக்கொள்ளும் என்பதை எனக்கு முன்னரே யாரும் சொல்லித்தரவில்லை.

தம்பலகாமத்திலிருந்து:

முதலில் எழுதிய அண்ணாவுடன் நான் உடன்படவில்லை. பிழை ஆர்எஸ்ஐயில் இல்லை. 1978இல் இதை நூலில் வெளியிட்ட வெல்ஸ் வைல்டர் அதே நூலில் ஏடிஎக்ஸையும் தந்திருக்கிறார். போக்கு எவ்வளவு வலுவானது என்பதை அளப்பதற்காகவே அது தரப்பட்டது. வலுவான இறக்கத்தில் ஆர்எஸ்ஐ வாரக்கணக்கில் 30க்குக் கீழேயே கிடக்கலாம். தவிர, சந்தை நடந்துகொண்டிருக்கும்போது தெரியும் எண் முடிவானதன்று. இறுதி விலை வரும்வரை அது மாறிக்கொண்டே இருக்கும்.

என் அனுபவம் சிறியது. நாளுக்கு ஓரிரு கைமாற்றங்களே நடக்கும் ஒரு பங்கில், யாரோ பத்தே பங்குகளை உயர்ந்த விலைக்கு வாங்கியதால் ஆர்எஸ்ஐ ஒரே நாளில் 38இலிருந்து 71க்குப் பாய்ந்தது. அதைக் கண்டு விற்கப் போனேன். வாங்குவோர் வரிசையில் ஒருவரும் இல்லை.

ஆகவே அண்ணா கேட்காவிட்டாலும் சொல்கிறேன். ஒரு கொப்பி எடுங்கள். நன்றாகக் கைமாறும் ஒரு பங்கின் இறுதி விலையைத் தொடர்ந்து 15 நாள்களுக்கு எழுதுங்கள். 14 மாற்றங்கள் கிடைக்கும். ஏற்றங்களைத் தனியாகவும் இறக்கங்களைத் தனியாகவும் கூட்டுங்கள். ஏற்றம் 21 ரூபாய், இறக்கம் 9 ரூபாய் என்றால் 21ஐ 30ஆல் வகுத்து நூறால் பெருக்குங்கள், 70 வரும். அந்த இரு கூட்டுத்தொகைகளையும் 14ஆல் வகுத்தால் முதல் சராசரிகள் கிடைக்கும். மறுநாள் முதல் பழைய சராசரியை 13ஆல் பெருக்கி, அன்றைய மாற்றத்தைச் சேர்த்து 14ஆல் வகுக்க வேண்டும். ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் இதைத் தனித்தனியே செய்ய வேண்டும். கையால் ஒருமுறை போட்டுப் பார்த்தால், அந்த எண்ணுக்குள் கடந்துபோன விலைகளைத் தவிர வேறொன்றும் இல்லை என்பது உங்களுக்கே தெரியவரும். இதைச் செய்யும்வரை பணத்தைத் தொடாதீர்கள். கிண்ணியாச் சகோதரரும் இதைச் செய்து பார்க்கலாம்.

நிலாவெளியிலிருந்து:

தம்பலகாமத்துத் தம்பி, உங்கள் கொப்பிக் கணக்கு நல்லதுதான். ஆனால் சூத்திரமே காட்டாத இன்டிகேட்டரை வைத்திருப்பவர் என்ன செய்வார்? நகரில் ஒரு வாடகை அறையில் நடந்த வகுப்புக்குக் கட்டணம் செலுத்திச் சென்றேன். சார்ட்டில் பச்சை அம்பு தோன்றினால் வாங்க வேண்டும் என்றார்கள். பழைய சார்ட்டில் ஒவ்வோர் அம்பும் சரியாகப் பள்ளத்தின் அடியிலேயே நின்றது, பார்த்தவுடன் நம்பிவிட்டேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை 10.40க்கு அம்பு தோன்றியதைப் பேனாவால் குறித்துவைத்தேன். அன்று மாலை அதே சார்ட்டைத் திறந்தபோது அந்த இடத்தில் அம்பு இல்லை. அதைவிடத் தாழ்ந்த வேறொரு பள்ளத்தின் கீழே புதிய அம்பு நின்றது. குறிப்பேட்டில் என் கையெழுத்து இருந்திராவிட்டால், நான்தான் தவறாகப் பார்த்தேன் என்று முடிவு செய்திருப்பேன். பிந்தி வரும் விலைகளைப் பார்த்துத் தன் பழைய குறிகளை இடம் மாற்றும் இன்டிகேட்டர்கள் உண்டு என்பதைப் பின்னர்தான் படித்தறிந்தேன். ஆசிரியரிடம் கேட்டபோது, இணைய வேகம் குறைவாக இருந்திருக்கும் என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார். அந்தப் பதிலை என்னால் இன்னும் ஏற்க முடியவில்லை.

மீண்டும் உவர்மலையிலிருந்து:

தம்பி சொன்னபடி 15 நாள் விலைகளை எழுதிக் கணக்கிட்டேன். எனக்கு 33 வந்தது. செயலி 28 காட்டுகிறது. எண்களை இரண்டு முறை சரிபார்த்துவிட்டேன், விலைகள் சரியாகவே இருக்கின்றன. செயலி பல மாதங்களுக்கு முன்பிருந்தே சராசரியைத் தொடர்ந்து கொண்டுவருவதால் இந்த வேறுபாடு வருகிறதென்றே நினைக்கிறேன். அப்படியானால் அதனுடன் ஒத்துப்போக எத்தனை நாள் பின்னால் சென்று தொடங்க வேண்டும் என்பதைத் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். கொப்பியில் இன்னும் நாற்பது பக்கம் இருக்கிறது.